கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தைக் கணிப்பது எப்படி? ஞாயிறு முதல் சனி வரை ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் முதல் செப்டம்பரிலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார்கள். சனிக்கிழமை வந்தால், கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்காக (நம்மூர் கால்பந்து அல்ல) பல்கலைக்கழக ஊர் முழுக்க ஒரே நிறம். ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ் என்றால் சிவப்பும் சாம்பலும், மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பர் என்றால் நீலமும் மஞ்சளும். ஆன் ஆர்பரின் மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 2020 கணக்கெடுப்பின்படி அந்த ஊரின் மக்கள்தொகையே ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழேதான். அப்புறம் ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் 'பிக்கெம்' என்று ஒரு பட்டியல் சுற்றுக்கு வரும். வாரா வாரம் யார் ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டையின் நிறத்தைப் பார்த்தோ, தரவரிசை எண்ணைப் பார்த்தோ டிக் அடிக்காமல், கொஞ்சம் வேலை செய்து கணிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பணம் கட்டுவதற்கான வழிகாட்டி இது இல்லை. அமெரிக்காவில் வழக்கமான பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்க வேண்டும். அதனால் 52.4 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கையைக் கடிக்காது. முழுநேரமாக இதையே செய்கிறவர்களுக்கே அது கஷ்டம். பந்தயச் சந்தை போடும் எண்ணை மட்டும் நாம் இலவசத் தகவலாக எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

விதிகள் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஆடுகளம் 100 யார்டு. நான்கு முயற்சிக்குள், அதாவது நான்கு 'டவுனு'க்குள், 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். பந்தைக் கையில் எறிந்து (பாஸ்) அல்லது தூக்கிக்கொண்டு ஓடி (ரன்) முன்னேறலாம். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி, அதன்பின் உதைக்கு 1. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. பதினைந்து நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள். முதல் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டங்கள்தான். கணிப்பைக் கஷ்டமாக்குவது இந்த 12 தான். ஒரு அணியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு. அது புரிவதற்குள் சீசன் முடிந்துவிடும்.

கணிப்பு என்றால் ஓர் எண்

'ஒஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும்' என்பது கணிப்பில் பாதிகூட இல்லை. 'ஒஹாயோ ஸ்டேட் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும். ஜெயிக்கும் வாய்ப்பு 87 சதவீதம்' என்றால்தான் பின்னால் சரிபார்க்க முடியும். ஆகவே வாரம் முழுக்க நம் கையில் இருக்கப்போவது ஓர் எண்தான், அதாவது எதிர்பார்க்கும் புள்ளி வித்தியாசம். ஞாயிறன்று அதைப் போடுகிறோம், சனிக்கிழமை வரை ஒவ்வொரு தகவலுக்கும் அரைப் புள்ளி, ஒரு புள்ளி என்று ஏற்றி இறக்குகிறோம்.

இந்த வேலையில் பெரும்பாலோர் சறுக்குவது ஓர் இடத்தில்தான். அடிப்படை எண்ணைப் போடாமல் கதையில் ஆரம்பித்துவிடுகிறார்கள். 'போன வருடத் தோல்விக்குப் பழிவாங்கும் வெறி', 'இரவு ஆட்டம், கூட்டம் அலறும்' என்பவையெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். எத்தனை புள்ளி என்று கேட்டால் பதில் வராது.

ஞாயிறு: அடிப்படை எண்ணைப் போடுவது

நோட்டுப் புத்தகத்திலேயே போட்டுவிடலாம். ஓர் அணி இந்த சீசனில் சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறது அல்லது தோற்றிருக்கிறது என்று பாருங்கள். அதோடு, அது சந்தித்த எதிரணிகளின் பலத்தைக் கூட்டுங்கள். ஒரு அணியின் சராசரி வித்தியாசம் +12, அதன் எதிரணிகள் சராசரி அணியைவிட 5 புள்ளி பலமானவை என்றால், அதன் மதிப்பு +17. இன்னொரு அணி +20 வித்தியாசம் வைத்திருக்கிறது, ஆனால் எதிரணிகளின் சராசரி -6 என்றால் அதன் மதிப்பு +14. பார்வைக்கு இரண்டாவது அணி பெரிதாகத் தெரியும். தெருக் கிரிக்கெட்டில் அடித்த சதத்தையும் ரஞ்சி ஆட்டத்தில் அடித்த அரைச்சதத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாதல்லவா, அந்தக் கணக்குதான் இது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 63-0 என்று முடிந்த ஆட்டத்தை அப்படியே சேர்க்காதீர்கள். 28 புள்ளிக்கு மேல் போனால் 28 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வரும் புள்ளிகள் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் கைவண்ணம்.

இரண்டு அணிகளின் மதிப்பையும் கழித்து, சொந்த மைதான அணிக்கு 2 முதல் 3 புள்ளி சேர்த்தால் அடிப்படை எண் தயார். பொதுநிலை மைதானம் என்றால் அதைச் சேர்க்க வேண்டாம்.

கணக்குப் போட நேரமில்லை என்றால் பில் கானலியின் எஸ்பி பிளஸ், ஈஎஸ்பிஎன்-இன் எஃப்பிஐ மாதிரியான மதிப்பீடுகள் பொதுவில் கிடைக்கின்றன. இரண்டும் அணியின் பலத்தைப் புள்ளிக் கணக்கில் சொல்கின்றன, நேரே கழித்துக்கொள்ளலாம். இன்னொன்று சந்தை போடும் ஸ்ப்ரெட், அதாவது சந்தை எதிர்பார்க்கும் புள்ளி வித்தியாசம். ஞாயிறு மதியமே அடுத்த வாரத்து எண்கள் வர ஆரம்பித்துவிடும். அதைவிட உங்கள் எண் 7 புள்ளி தள்ளி நிற்கிறது என்றால், எதையோ நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஒரு காயம், ஒரு தடை, ஏதோ ஒன்று. தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் சந்தையின் பக்கம் முக்கால்வாசித் தூரம் நகர்ந்துவிடுங்கள். வெட்கப்பட எதுவுமில்லை.

செப்டம்பர் மாதத்தில் இந்தக் கணக்கெல்லாம் ஆட்டம் காணும். இரண்டு ஆட்டத்தை வைத்து என்ன சராசரி போடுவது? அப்போது போன சீசனின் மதிப்பு, திரும்பி வந்திருக்கும் ஆட்டக்காரர்கள், சேர்த்த ஆட்டக்காரர்களின் தரம் ஆகியவற்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அக்டோபர் ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி, நவம்பரில் பெரும்பகுதி இந்த சீசன் என்று மெல்ல மாற்றுங்கள்.

ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. அது பத்திரிகையாளர்களின் வாக்கு. தோற்றால் இறக்குவார்கள், ஜெயித்தால் ஏற்றுவார்கள். யார் நன்றாக சாதித்தார்கள் என்று அது சொல்லும். நாளைக்கு யார் எத்தனை புள்ளியில் ஜெயிப்பார்கள் என்பது வேறு கேள்வி. 2024 செப்டம்பர் 7 அன்று ஐந்தாம் இடத்தில் இருந்த நாட்டர் டேம், சொந்த மைதானத்திலேயே நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. அதே நாட்டர் டேம் அந்த சீசனின் இறுதி ஆட்டம் வரை போனது. இரண்டுமே ஒரே அணிதான்.

திங்கள், செவ்வாய்: ஸ்கோருக்குப் பின்னால் பார்ப்பது

எனக்குப் பிடித்த பகுதி இது. ஸ்கோர் பலகை சொல்லாததைப் புள்ளிவிவரப் பட்டியல் சொல்லும், படிக்கத் தெரிந்தால்.

முதலில் வெற்றி விகிதம். ஒவ்வொரு முயற்சியும் தேவையான அளவு முன்னேறியதா என்று பார்ப்பது. முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுத் தூரம். முதல் டவுன், 10 யார்டு தேவை, 5 எடுத்தால் தேறியது. 4 எடுத்தால் தேறவில்லை. மூன்றாவது டவுனில் 2 யார்டு தேவைப்படும்போது 2 எடுத்தால் வெற்றி. 10 தேவைப்படும்போது 8 எடுத்தால் தோல்வி. மொத்த யார்டுக் கணக்கில் அந்த 8 தான் பெரிதாகத் தெரியும், ஆனால் அடுத்து பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த விகிதம் வாரத்துக்கு வாரம் அவ்வளவாக மாறாது. நீண்ட ஓட்டங்களும் 60 யார்டு பாஸ்களும் மாறும். அதனால் 'ஒரே பாஸில் டச்டவுன்' அடித்து ஜெயித்த அணியைவிட, ஐந்து ஐந்து யார்டாக நகர்ந்து ஜெயித்த அணியை அடுத்த வாரமும் நம்பலாம்.

அடுத்தது ரன் கணக்கில் இருக்கும் ஒரு கோளாறு. தொழில்முறை ஆட்டமான என்எஃப்எல்-இல், பாஸ் எறிகிறவரான குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் 'சாக்'கில் போன யார்டைப் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் அது ரன் கணக்கில் கழியும். பட்டியலில் 40 ஓட்டம், 120 யார்டு என்று இருந்தால் சராசரி 3. பரிதாபமாகத் தெரியும். அதில் 4 சாக்கில் 30 யார்டு போயிருக்கிறது என்றால், உண்மையான ஓட்டம் 36-க்கு 150, அதாவது 4.2. பரிதாபமான அணி அல்ல, சுமாராக ஓடும் அணி. பாஸ் பாதுகாப்பில்தான் ஓட்டை. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் 'இவர்களுக்கு ஓடத் தெரியாது' என்று தொலைக்காட்சியிலேயே பேசுவார்கள். நீங்கள் இரண்டு நிமிடம் செலவழித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பந்தைப் பறிகொடுப்பது. கீழே விழுந்த பந்தை யார் எடுப்பார்கள் என்பது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். நாலு ஆட்டத்தில் விழுந்த பந்தையெல்லாம் தானே எடுத்த அணிக்கு அது நீடிக்காது. எத்தனை பந்து விழுந்தது என்பதைப் பாருங்கள், எத்தனை எடுத்தார்கள் என்பதை விடுங்கள்.

நான்காவது, முடிந்துபோன ஆட்டத்தின் கடைசிப் பகுதி. நான்காம் கால்பகுதியில் 38-7 என்று இருக்கும்போது எடுத்த 150 யார்டை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

சிறிய வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களையும் தனியாகப் பாருங்கள். 2021-இல் நெப்ராஸ்கா 3 வெற்றி, 9 தோல்வி. ஆனால் கொடுத்த புள்ளிகளைவிட எடுத்த புள்ளிகள் 63 அதிகம்! ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். அப்படிப்பட்ட அணி அடுத்த வருடம் எழுந்துவிடும் என்றுதான் பாடம் சொல்லும். 2022-இல் அவர்கள் எடுத்ததோ 4-8. கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் மூன்றாவது ஆட்டம் முடிந்ததுமே வேலையிழந்தார். ஆகவே நெருக்கமான தோல்விகளைப் பெரும்பாலும் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உதைக்கும் ஆளும் கடைசி நிமிட முடிவுகளும் மோசமாக இருந்தால் அதில் கொஞ்சம் குணமும் உண்டு.

புதன்: யார் ஆடுகிறார்கள்

பத்து வருடத்துக்கு முன் எழுதியிருந்தால் இந்தப் பகுதி சின்னதாக இருந்திருக்கும். 2018 அக்டோபரில், அணி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல் ஒரு வருடம் உட்காராமலே அணி மாறலாம் என்று ஆனது. அதே வருடம் ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரைப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். விளைவு, ஒரே பனியனுக்குள் முற்றிலும் வேறு அணி. இந்தியானா 2023-இல் 3-9. புதிய கோச் கர்ட் சிக்னெட்டி, தான் விட்டுவந்த ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்தார். 2024-இல் 11-2. போன வருட மதிப்பெண்ணை வைத்து ஆரம்ப வாரங்களில் இந்தியானாவைக் கணித்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

'இந்த இரண்டு அணிகளும் கடைசி பத்து முறை மோதியதில் ஏழு முறை' என்று தொடங்கும் வாக்கியத்தை இதனாலேயே காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தப் பத்தில் எட்டு ஆட்டத்தில் ஆடிய யாரும் இப்போது அங்கே இல்லை.

காயம் பற்றிய தகவல் முன்பெல்லாம் ராணுவ ரகசியம் மாதிரி இருந்தது. இப்போது சில லீக்குகள் அறிக்கை வெளியிடுகின்றன. பிக் டென் 2023 முதல் ஆட்ட நாளில், பந்து உதைக்க இரண்டு மணி நேரம் முன்பு. எஸ்இசி 2024 முதல், லீக்குக்குள்ளான ஆட்டங்களுக்கு வாரத்தின் நடுவிலிருந்தே தினமும், கடைசியாக ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு.

பெயரைப் பார்த்ததும் எத்தனை புள்ளி கழிப்பது? முதல்தரக் குவார்ட்டர்பேக் இல்லை, மாற்று ஆள் அனுபவமற்றவர் என்றால் 5 முதல் 8 வரை போகலாம். மற்ற இடங்களில் ஒரு ஆளுக்கு அரைப் புள்ளி முதல் ஒன்றரை. ஓடும் ஆளுக்குப் பெரும்பாலும் அரைகூட இல்லை, அவர் எவ்வளவு பிரபலமானவராக இருந்தாலும். ரசிகர்களோடு சண்டை வரும் இடம் இது.

விதிவிலக்கு அஃபென்சிவ் லைன். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் அந்த ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட், ஓரங்களில் டேக்கிள். அதில் ஒருவர் போனால் ஒரு புள்ளி. ஒரே வரிசையில் இருவர் போனால் இரண்டு புள்ளியோடு நிற்காது; அடுத்தவரை இடம் மாற்றி, அதனால் அவர் இடத்தில் இன்னொருவர் என்று சங்கிலியாகப் போகும். கீழே வரும் உதாரணத்தில் அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

வியாழன்: பலமும் பலவீனமும் எங்கே மோதுகின்றன

ஓர் அணியின் ரன் ஆட்டமும் எதிரணியின் ரன் தடுப்பும், பாஸ் ஆட்டமும் பாஸ் தடுப்பும் என்று நான்கு ஜோடியாக எழுதுங்கள். எங்காவது ஒரு ஜோடியில் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் ஒரு புள்ளி நகர்த்துங்கள். பெரும்பாலான ஆட்டங்களில் இது ஒன்றும் தராது, மேலே போய்விடலாம்.

கவனிக்க வேண்டியது வேகம். சாதாரணமாக ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் பன்னிரண்டு தடவை அளவில் பந்து கைக்கு வரும். 2023 முதல் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, முதல் டவுன் எடுத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. அதனால் அதுவும் கொஞ்சம் குறைந்தது. பலவீனமான அணி மெதுவாக ஓடி ஓடி இதை எட்டு, ஒன்பதாகக் குறைத்துவிட்டால், பலமான அணிக்குத் தன் பலத்தைக் காட்டச் சந்தர்ப்பமே குறையும். அப்போது ஒரு தவறு போதும்.

2024 அக்டோபர் 5-இல் நாஷ்வில்லில் நடந்தது அதுதான். முதலிடத்தில் இருந்த அலபாமாவை வான்டர்பில்ட் 40-35 என்று வென்றது. முதலிடத்து அணி ஒன்றை அது வென்றது வரலாற்றிலேயே முதல் முறை. 60 நிமிடத்தில் 42 நிமிடம் பந்து வான்டர்பில்டிடம். மூன்றாவது டவுன் 18-இல் 12 தேறியது. குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா, நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து அந்த வருடம்தான் மாறி வந்தவர்.

'அதற்கு முந்தின வாரம் அலபாமா ஜார்ஜியாவை 41-34 என்று வென்ற களிப்பில் அசந்துவிட்டது' என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பெரிய வெற்றிக்கு அடுத்த வாரம் சத்தமில்லாமல் ஜெயித்துவிட்டுப் போகும் அணிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்த மாதிரிக் கதைக்கு நான் தரும் அதிகபட்சம் ஒரு புள்ளி. மெதுவாக ஆடும் எதிரணிக்கு வித்தியாசத்தில் மாற்றம் செய்ய வேண்டாம். பலமான அணியின் வெற்றிச் சதவீதத்தில் இரண்டு மூன்று எடுத்துவிடுங்கள்.

வெள்ளி: வானம், பயணம்

மழையையும் பனியையும் பார்த்துப் பயப்படாதீர்கள். காற்றைப் பாருங்கள். மணிக்கு 20 மைலுக்கு மேல் அடித்தால் நீண்ட பாஸும் தூர ஃபீல்டு கோலும் அடிபடும், மொத்தப் புள்ளி குறையும். பாஸை நம்பும் அணிக்கு ஒரு புள்ளி கழியுங்கள்.

2024-இல் யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஆரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னுக்கு வந்ததால் பசிபிக் கரையிலிருந்து நியூ ஜெர்சி வரை பறந்து போய் ஆட வேண்டியிருக்கிறது. மூன்று நேர மண்டலம் தாண்டினால் அரை முதல் ஒரு புள்ளி. வயோமிங்கின் லாரமி மைதானம் 7,220 அடி உயரத்தில். சமவெளி அணிகளுக்கு நான்காம் கால்பகுதியில் மூச்சு வாங்கும். சொந்த மைதானச் சலுகையை அங்கே கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

சனி: எண்ணைச் சதவீதமாக்குவது

இறுதி வித்தியாசம் நம் எண்ணைச் சுற்றி எவ்வளவு சிதறும் என்று தெரிந்தால் சதவீதம் கிடைத்துவிடும். கல்லூரி ஆட்டத்தில் அந்தச் சிதறல், புள்ளியியல் பாஷையில் திட்ட விலக்கம், சுமார் 16 புள்ளி. அதை வைத்துப் போட்டால், 3 புள்ளிக்கு 57 சதவீதம், 7-க்கு 67, 10-க்கு 73, 14-க்கு 81, 21-க்கு 90. ஒரு டச்டவுன் அளவு பலமான அணிகூட மூன்றில் ஒரு முறை தோற்கும் என்பதை இந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பழகினால்தான் மனம் ஏற்கும்.

இப்போது ஓர் ஆட்டத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். 2024 நவம்பர் 30, கொலம்பஸ். ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும். மிச்சிகன் அப்போது 6-5. ஒஹாயோ ஒரே ஒரு தோல்வியோடு, தேசியப் பட்டம் நோக்கி. சந்தை எண் ஒஹாயோ பக்கம் சுமார் 20. மிச்சிகன் முந்தைய மூன்று வருடமும் இந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தது. அதற்கு நம் கணக்கில் பூஜ்யம்.

ஆட்களைப் பாருங்கள். மிச்சிகனுக்கு அதன் முக்கிய ஆட்டக்காரர்கள் வில் ஜான்சன், கோல்ஸ்டன் லவ்லண்ட் இருவரும் இல்லை. ஒஹாயோ பக்கம் ஒரு புள்ளி. ஒஹாயோவின் லைனிலோ, இடது டேக்கிள் ஜாஷ் சிமன்ஸ் அக்டோபரில் ஆரிகன் ஆட்டத்தில் காயப்பட்டு சீசனே போயிற்று. கார்ட் டோனோவன் ஜாக்சனை அந்த இடத்துக்கு நகர்த்தினார்கள். நவம்பரில் சென்டர் செத் மெக்லாக்லினும் பயிற்சியில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியே. கார்ட் கார்சன் ஹின்ஸ்மன் சென்டருக்கு வந்தார். இருவர் போனதற்கு மூன்று நான்கு இடம் கலைந்துவிட்டது. அதுவும் நடுப்பகுதியில். எதிரே நிற்கிறவர்கள் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். அடுத்த ஏப்ரலில் இருவருமே என்எஃப்எல் முதல் சுற்றில் போனார்கள். இந்த ஒரு மோதலுக்கு மட்டும் 3 புள்ளி மிச்சிகன் பக்கம்.

20, கூட்டல் 1, கழித்தல் 3. ஒஹாயோ 18. சதவீதம் 87. மொத்தப் புள்ளி 43 என்று வைத்தால், மொத்தத்தோடு வித்தியாசத்தைக் கூட்டிப் பாதியாக்க 30.5, மீதி 12.5. ஆக நம் கணிப்பு ஒஹாயோ 31, மிச்சிகன் 13.

முடிவு: மிச்சிகன் 13, ஒஹாயோ 10. மிச்சிகனின் 13 அச்சுப் பிசகாமல் வந்தது. ஒஹாயோ 26 தடவை ஓடி 77 யார்டு. நடுவே ஓடினால் வழியில்லை என்று தெரிந்தும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். எதிரணி கையில் சிக்கிய பாஸ், அதாவது இன்டர்செப்ஷன், இரண்டு; இரண்டு ஃபீல்டு கோல் தவறியது. மிச்சிகன் பாஸில் எடுத்ததே 62 யார்டுதான். 172 யார்டு ஓடியே எடுத்தார்கள். 45 நொடி இருக்கும்போது டாமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்து முடித்துவைத்தார்.

கணிப்பு தப்பா? லைன் மோதல் எந்தப் பக்கம் சாயும் என்பது சரி. எவ்வளவு சாயும் என்பது தப்பு. 13 சதவீதம் என்றால் எட்டில் ஒன்று. இப்படி நிறைய ஆட்டம் கணித்தால் சராசரியாக எட்டில் ஒன்று இப்படித்தான் முடிய வேண்டும், முடியாவிட்டால்தான் உங்கள் சதவீதத்தில் கோளாறு.

இந்த முறை எடுபடாத இடம் ஒன்று உண்டு. வழக்கமான சீசன் முடிந்தபின் டிசம்பர், ஜனவரியில் நடக்கும் 'பவுல்' என்ற சிறப்பு ஆட்டங்கள். என்எஃப்எல் போகப்போகிறவர்கள் காயத்துக்குப் பயந்து ஒதுங்குவார்கள். வேறு அணிக்குப் போகிறவர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். 2023-இல் 13-0 என்று இருந்தும், தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் இடம் தரப்படாத ஃப்ளோரிடா ஸ்டேட், ஆட்டக்காரர்கள் கூட்டமாக விலகிய நிலையில் ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. பவுல் ஆட்டத்துக்குப் பழைய எண்ணை எடுக்காதீர்கள். ஆட வருகிறவர்களின் பட்டியலை வைத்து முதலிலிருந்து போடுங்கள். பிளேஆஃப் ஆட்டங்களுக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

மறு ஞாயிறு: உங்களுக்கு நீங்களே மார்க் போடுவது

ஒவ்வொரு கணிப்பையும் ஆட்டம் தொடங்கும் முன் எழுதி வையுங்கள்: தேதி, வித்தியாசம், சதவீதம், எதற்கு எத்தனை புள்ளி நகர்த்தினீர்கள். பிறகு எழுதினால் ஞாபகம் நமக்குச் சாதகமாகவே பேசும்.

மார்க் போட எளிய வழி: அணி ஜெயித்தால், ஜெயிக்கும் என்று சொன்ன வாய்ப்பை 1-இலிருந்து கழித்து வர்க்கமாக்குங்கள், தோற்றால் அந்த வாய்ப்பையே வர்க்கமாக்குங்கள். ஒஹாயோவுக்கு 0.87 சொல்லித் தோற்றதால் 0.757, பலத்த அடி. ஜெயித்திருந்தால் வெறும் 0.017. எல்லா ஆட்டத்துக்கும் 50 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் எப்போதும் 0.25. சீசன் சராசரி அதைவிடக் கீழே இருந்தால் ஏதோ தெரிந்துதான் சொல்கிறீர்கள். வித்தியாசத்தில் சந்தை எண்ணே சராசரியாக 12 புள்ளி தவறுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் 13-இல் இருந்தால் நன்றாகவே செய்கிறீர்கள்.

அப்புறம் அணியின் மதிப்பைத் திருத்த வேண்டும். ஒரு ஆட்டம் எவ்வளவு அதிர்ச்சி தந்தாலும், நவம்பரில் 2 புள்ளிக்கு மேல் நகர்த்தாதீர்கள். மிச்சிகனிடம் தோற்ற மறுநாள் ஒஹாயோவின் கோச் ரயன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ரசிகர்கள் கத்தினார்கள். மூன்று வாரம் கழித்து அதே மைதானத்தில் டென்னசியோடு பிளேஆஃப் முதல் சுற்று, ஒஹாயோ 42-17. அடுத்து ஆரிகனை 41-21, டெக்சஸை 28-14, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நாட்டர் டேமை 34-23 என்று வென்று பட்டம் எடுத்தார்கள். அந்த நான்கு ஆட்டத்திலும், ஒரு தோல்விக்காக ஒஹாயோவை 2 புள்ளி மட்டும் குறைத்தவர்களின் நோட்டுப் புத்தகம்தான் முன்னால் நின்றது.